விவாகரத்துக்குப் பின் கல்லூரிப் பிள்ளை யாருடைய வரிக் கணக்கில்?

அமெரிக்காவில் விவாகரத்தானவர்களின் பிள்ளை 18 தாண்டிக் கல்லூரியில் சேர்ந்ததும் மூன்று வழிகள் முன்னால் நிற்கும். பிள்ளை விடுமுறைக்கு எந்த வீட்டுக்குத் திரும்புகிறதோ, அந்த வீட்டுப் பெற்றோர் தன் வரிக் கணக்கில் பிள்ளையை டிபென்டென்டாக (தன்னைச் சார்ந்தவராக) காட்டலாம். ஃபீஸ் கட்டும் மற்றவர் காட்டப் பார்க்கலாம். இருவரும் விட்டுக்கொடுத்து, படிப்புச் செலவுக்கான வரிச் சலுகையைப் பிள்ளையே எடுக்க விடலாம். பெரும்பாலான குடும்பங்களுக்கு முதல் வழிதான் சரி. வசதிக்காக, பிள்ளை அம்மா வீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

"பணம் கட்டுவது நான், கணக்கில் காட்டுவது அவளா?" என்று அப்பா கேட்பது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஆண்டுக் கடைசியில் 24 நிரம்பாத முழுநேர மாணவர் விஷயத்தில், பெற்றோரில் யார் கட்டினார் என்று ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) பார்ப்பதில்லை. பிள்ளை தன் செலவில் பாதிக்கு மேல் தானே சம்பாதித்துக் கட்டியிருக்கக் கூடாது. ஆண்டில் பாதிக்கு மேல் கணக்கில் காட்டுபவரோடு இருந்திருக்க வேண்டும். ஹாஸ்டல் நாட்களும் அம்மா வீட்டில் இருந்ததாகவே கணக்கு, படிப்புக்காகப் போனது தற்காலிகம் என்பதால். அப்பா வேறு விதியில் நுழையவும் முடியாது: ஒருவருக்குத் தகுதியுள்ள பிள்ளையை இன்னொருவர் 'உறவினர்' என்று காட்ட இயலாது.

பலர் சறுக்குவது 8332 படிவத்தில். அம்மா கையெழுத்திட்டு அப்பாவுக்கு விட்டுக்கொடுக்கும் இந்த ஏற்பாடு, பிள்ளை ஆண்டில் பாதிக்கு மேல் பெற்றோரின் சட்டப்படியான பொறுப்பில் இருக்கும்வரைதான். பெரும்பாலான மாநிலங்களில் அது 18 வயதோடு முடிகிறது. அலபாமா, நெப்ராஸ்காவில் 19, மிசிசிப்பியில் 21. அதற்குப் பிறகு, விவாகரத்துத் தீர்ப்பில் 'ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் அப்பா காட்டலாம்' என்று எழுதியிருந்தாலும் ஐஆர்எஸ் அதை ஏற்காது. தீர்ப்பை மீறியதாக நீதிமன்றம் அம்மாவைக் கேள்வி கேட்கலாம். அது வேறு வழக்கு.

பணக் கணக்கும் அம்மா பக்கமே சாய்கிறது. டிபென்டென்ட் சலுகை வெறும் 500 டாலர். பெரிய தொகை, அமெரிக்கன் ஆப்பர்ச்சுனிட்டி என்ற படிப்புச் சலுகை: முதல் 2,000 டாலர் செலவுக்கு முழுவதும், அடுத்த 2,000-க்குக் கால்வாசி, ஆக 2,500 வரை, நான்கு வருடங்களுக்கு மட்டும். அப்பா நேராகக் கல்லூரிக்குக் கட்டிய ஃபீஸும் பிள்ளை கட்டியதாகவே கொள்ளப்பட்டு, 8863 படிவத்தில் அம்மா கணக்குக்கு வந்துவிடும். தனியாக ஃபைல் செய்பவருக்கு 80,000 டாலர் வருமானத்தில் இது குறையத் தொடங்கி 90,000-இல் மறைகிறது. நல்ல சம்பளக்கார அப்பாவுக்கு எப்படியும் கிடைக்காது. அம்மா மறுமணம் செய்யாமல் வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் பார்த்தால் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் (குடும்பத் தலைவர்) என்ற வகையில் ஃபைல் செய்யும் சலுகையும் உண்டு. வரி போடும் முன் வருமானத்தில் கழிக்கும் தொகை 2025-க்கு அந்த வகையில் 23,625 டாலர், தனிநபருக்கு 15,750. அம்மா சலுகையை வாங்கி, அதில் ஒரு பங்கை ஃபீஸில் ஈடுகட்டுவது என்று இருவரும் எழுதிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அம்மாவின் வருமானமும் 90,000 தாண்டினால் மூன்றாவது வழியை, அதாவது பிள்ளையே சலுகையை எடுப்பதை, யோசிக்கலாம். ஆனால் பிள்ளைக்கு வரி வந்தால்தான் பலன். 22,000 டாலர் சம்பாதித்த மாணவருக்கு 2025-இல் வரி ஏறக்குறைய 625. சலுகை அதைத்தான் துடைக்கும், ரீஃபண்டாகக் கையில் வராது. 'வேறொருவர் என்னைக் காட்டலாம்' என்ற கட்டத்தைப் பிள்ளை டிக் செய்தே ஆக வேண்டும்.

அப்பாவுக்கு வாய்ப்பு வருவது பிள்ளை 24-ஐ எட்டும் ஆண்டில், அல்லது 19 நிரம்பியபின் படிப்பை விடும்போது. அப்போது இருப்பிடம் பொருட்டல்ல. பிள்ளையின் வருமானம் 5,200 டாலருக்குள் (2025) இருந்து, பிள்ளையின் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அப்பா தந்திருந்தால் 'உறவினர்' விதியில் காட்டலாம். அம்மா வீட்டில் தங்குவதன் வாடகை மதிப்பும் அந்தச் செலவில் சேரும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இரு வீட்டிலும் சமமாக இருந்த பிள்ளை என்றால் அதிக இரவுகள் இருந்த வீடு, அதுவும் சமமானால் வருமானம் கூடியவர். இது காகிதத்தில் எளிது. நடைமுறையில் ஓட்டுநர் உரிமம், கல்லூரிப் பதிவு, காப்பீட்டுக் கடிதம் எந்த முகவரியில் இருக்கின்றன என்பதில்தான் போய் நிற்கும். மற்றவர் முந்திக்கொண்டு ஃபைல் செய்துவிட்டால் உங்கள் இ-ஃபைல் திரும்பி வரும். ஐஆர்எஸ் தளத்தில் ஐபி பின் எண்ணை (உங்கள் அடையாளத்தை உறுதிசெய்யும் ரகசிய எண்) எடுத்துச் சேர்த்து அனுப்பினால் ஏற்பார்கள். பிறகு இருவருக்கும் கடிதம் வரலாம், அதற்குள் அந்த முகவரிக் காகிதங்களைத் திரட்டி வையுங்கள்.