பாவித்த 20 மில்லிமீற்றர் லென்ஸ்: கொழும்பில் வாங்கலாமா, விடலாமா?

"பின்னால் நகர இடமில்லை, எல்லாம் ஒரே பிரேமுக்குள் வரவேணும்." பிலிம் கமராவுக்கு 20 மில்லிமீற்றர் அகலக்கோண லென்ஸ் தேடுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம் இது. இது மட்டும்தான் காரணம் என்றால் 24 மில்லிமீற்றரே போதும், காசும் மிச்சம். மூன்று மீற்றர் தூரத்தில் 28 லென்ஸ் 3.9 மீற்றர் அகலத்தை எடுக்கும். 24 எடுப்பது 4.5 மீற்றர், 20 எடுப்பது 5.4 மீற்றர். அந்தக் கூடுதல் அகலம் சும்மா வருவதில்லை. கமராவைக் கண்மட்டத்தில், கிடையாக, மட்டமாகப் பிடித்தால் காலடியிலிருந்து 2.7 மீற்றரில் தொடங்கும் தரை முழுவதும் பிரேமின் கீழ்ப்பாதியில் வந்து விழும். அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் பாதிப்படம் வெறும் தார் ரோட்டுத்தான். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் சுமை ஏற்றி இறக்கும் நாட்டாமைமாரின் தள்ளுவண்டிப் பிடி ஒரு கை தூரத்தில் இருக்க, பின்னால் சிவப்புப் பள்ளிவாசல் எழும்பி நிற்கும் படம்தான் 20க்குரிய படம். கிட்டப் போகக் கூச்சப்படுகிறவருக்கு இந்த லென்ஸ் சரிவராது.

உயரமான கட்டடத்துக்கும் இதே கணக்கு. நெட்டையாக, மட்டமாகப் பிடித்தால் மேலே 42 பாகைவரை தெரியும். தாமரைக் கோபுரத்தின் 350 மீற்றரையும் சாய்க்காமல் எடுக்க ஏறத்தாழ 390 மீற்றர் தள்ளி நிற்கவேணும். கிட்ட நின்று அண்ணாந்து பிடித்தால் கோடுகள் மேலே கூம்பும். அது பிடித்தால் சரி, பிடிக்காதவருக்கு இந்த லென்ஸில் திருத்த வழியில்லை.

இங்கே சொல்வதெல்லாம் நிக்கோனின் நிக்கோர் 20 எஃப் 2.8 ஏஐ-எஸ் லென்ஸை அதே நிறுவனத்தின் எஃப்எம்2 பிலிம் கமராவில் நீண்டகாலம் பாவித்ததை வைத்து. எஃப் எண் என்பது அபெர்ச்சரின், அதாவது வெளிச்சம் புகும் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சிறுக்கும். ஏஐ, ஏஐ-எஸ் என்பவை அந்த அளவை லென்ஸ் கமராவின் வெளிச்ச மீற்றருக்குத் தெரிவிக்கும் முறைகள். 1984இல் வந்த லென்ஸ். 9 தொகுதிகளில் 12 கண்ணாடிகள், 62 மி.மீ. பில்டர், 260 கிராம் நிறை, மிகக் கிட்டிய தூரம் 25 சென்ரிமீற்றர். இதற்கு முந்திய எஃப் 3.5, எஃப் 4 ஏஐ லென்ஸ்கள் 52 மி.மீ. பில்டர் ஏற்கும், கைக்கும் அடக்கம். பகல் வெளிச்சத்தில் எஃப் 8இலேயே காலம் தள்ளுகிறவருக்கு எஃப் 4 தாராளம். 2.8க்குக் கொடுக்கும் கூடுதல் காசு வியூபைண்டர் வெளிச்சத்துக்கும் கிட்டத்துப் படத்தின் மூலைக் கூர்மைக்கும்தான். இதில் பின்தொகுதி தனியே நகர்ந்து கிட்டப் போகஸைத் திருத்தும். அந்த ஏற்பாடே பாவித்த லென்ஸில் பிரச்சினையாகவும் மாறலாம், கீழே வருகிறேன். 17 மி.மீ. பக்கம் போகவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். 104 பாகைப் பார்வைக் கோணம் கேட்க நன்றாக இருக்கும். பிலிமில் நாலாவது ரோலோடு அலுத்துவிடும்.

எந்தக் கமராவில் போடப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவெடுங்கள். ஏஐ ஆக மாற்றாத பழைய லென்ஸை எஃப்எம்2இலோ எஃப்இ2இலோ மாட்டினால் கமராவின் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) ஓரத்திலுள்ள சிறு நாக்கு முறியும். முதல் எஃப்எம்இலும் எஃப்இஇலும் அந்த நாக்கை மடக்கலாம். எஃப்80 போன்ற ஓட்டோபோகஸ் கமராவில் ஏஐ-எஸ் லென்ஸ் மாட்டுப்படும், ஆனால் வெளிச்ச மீற்றர் வேலை செய்யாது. அதற்கு 20 எஃப் 2.8 ஏஎஃப் லென்ஸைத் தேடுங்கள். கண்ணாடி அமைப்பு அதேதான், போகஸ் வளையம்தான் இவ்வளவு இறுக்கமாக இராது.

இனிக் கடையில். பணத்தைவிட முக்கியமாகக் கொண்டுபோக வேண்டியது சின்ன எல்இடி டோர்ச். அபெர்ச்சரை 2.8இல் முழுதாகத் திறந்து, டோர்ச்சைப் பின்பக்கம் பிடித்து, முன்பக்கத்திலிருந்து நேராகப் பாராமல் சரிவாக, வடிவாய்ப் பாருங்கள். பிறகு லென்ஸைத் திருப்பி அதையே செய்யுங்கள். ரியூப்லைட் வெளிச்சத்தில் பளிங்காகத் தெரிந்த லென்ஸ் டோர்ச்சில் பால் கலந்த தண்ணீர்போல மங்கித் தெரிந்தால் அது ஹேஸ். சிலந்தி வலைபோல் நூலாக, ஒரு புள்ளியிலிருந்து கிளைவிட்டுப் போனால் பங்கஸ், அதாவது பூஞ்சணம். கண்ணாடியின் கரையோரம் வானவில் நிறத்தில் பளபளப்பு இருந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன. அதைக் கைவிடுங்கள், திருத்துவது லாபமில்லை. நாலைந்து தூசித் துணுக்கு ஒன்றும் செய்யாது.

கொழும்பில் பங்கஸ் இல்லாத பழைய லென்ஸ்தான் அபூர்வம், ஆகவே கேட்க வேண்டியது எங்கே, எவ்வளவு என்பதே. முன்கண்ணாடியின் வெளிப்புறக் கரையில் சிறிதாக இருந்தால் துடைத்து எடுக்கலாம். உட்கண்ணாடியில் என்றால் லென்ஸைக் கழற்றவேணும். கழற்றினாலும் கோட்டிங்கை, அதாவது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்த தடம் போகாது. வெயிலில் வைத்தால் போய்விடும் என்பார்கள். பங்கஸ் சாகலாம், தடம் அப்படியே இருக்கும். பின்கண்ணாடியில் உள்ள கீறல், முன்கண்ணாடியில் உள்ள கீறலைவிட மோசம். ஆனால் இந்த அகலத்தில் முன்கண்ணாடியும் தப்பாது. எஃப் 16க்கு மூடி வெயிலுக்கு எதிரே எடுத்தால் அங்குள்ள கீறலும் மழைத்துளியும் வெளிச்சப் புள்ளியாக வந்து நிற்கும்.

அடுத்தது பிளேட், அதாவது அபெர்ச்சரைத் திறந்து மூடும் தகடுகள். அபெர்ச்சரை 22இல் வைத்து, பின்னாலுள்ள சின்ன நெம்பைத் தள்ளி விடுங்கள். ஏழு பிளேட்டும் 'டக்' என்று மூடவேணும், சோம்பலாக மூடக்கூடாது. வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்த லென்ஸில் கிறீஸ் இளகி எண்ணெயாகப் பிளேட்டுக்கு வரும். கமரா ஷட்டர் திறக்கும் கணத்துக்குச் சற்று முன்புதான் பிளேட்டை மூடுகிறது. எண்ணெய் பிடித்த பிளேட் அதற்குள் மூடி முடிக்காது. எஃப் 4இல் எடுத்த பிரேம் சரியாகவும் எஃப் 16இல் எடுத்தது மட்டும் மிதமிஞ்சிய வெளிச்சத்தோடும் வந்தால் மீற்றரைத் திட்டவேண்டாம், குற்றம் பிளேட்டில்.

பெயர் எழுதிய முன் வளையத்தின் சிறு வெட்டுகளையும், பின் மவுண்டின் ஸ்குரூத் தலைகளையும் பாருங்கள். கறுப்பு மை உரிந்து பித்தளை மினுங்கினால் ஏற்கெனவே ஒருவர் திறந்திருக்கிறார். திறப்பது குற்றமில்லை, திரும்பப் பூட்டுவதில்தான் கதை இருக்கிறது. 20 மி.மீ. லென்ஸில், லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையிலான மவுண்ட் தூரம் பத்தில் ஒரு மில்லிமீற்றர் கூடினாலே போகஸ் வளையம் முடிவிலியில் (மிகத் தொலைவுக் குறியில்) நிற்க உண்மையான போகஸ் நாலு மீற்றரில் விழும். எஃப் 8இல் அது ஒளிந்துகொள்ளும், 2.8இல் தூரத்துக் கட்டடம் எல்லாம் மசங்கும். தனியே நகரும் பின்தொகுதியைப் பிழையாகப் பூட்டினால் முடிவிலி நன்றாக இருந்து கிட்டத்து மூலைகள் மட்டும் கெடும். மிரர்லெஸ் டிஜிட்டல் கமராவில் அடப்டர் போட்டுக் காட்டி "பாருங்கள், கூர்மை" என்று விற்பவரின் பேச்சைப் பாதிதான் எடுங்கள். மலிவான அடப்டர்கள் பெரும்பாலும் ஒரு மயிரிழை மெல்லியதாக இருக்கும், முடிவிலிக் குறியைக் கடந்தும் போகஸ் போகும். மவுண்டிலிருந்து பிலிம்வரை நிக்கோனுக்குள்ள 46.5 மி.மீ. கணக்கைச் சொந்தக் கமராவில் பார்ப்பதே நம்பிக்கை.

முன் வளையம் நெளிந்திருந்தால் 62 மி.மீ. பில்டர் ஒன்றைச் சுற்றிப் பாருங்கள். ஏறாவிட்டால் விலை பேசலாம், ஆனால் நெளிந்த அடியில் உள்ளே கண்ணாடியும் மையம் விலகியிருக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாது, பிலிமுக்குத்தான் தெரியும்.

ஆகவே ஒரு ரோல் எடுத்துப் பார்த்தபின் மிச்சக் காசு என்று பேசுங்கள். ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்குவதா என்பது உங்கள் துணிச்சல். ஐஎஸ்ஓ 100 அல்லது 200 பிலிம், ட்ரைபொட், கேபிள் ரிலீஸ். காலி முகத்திடலில் நின்றால் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரம் தெரியும். சுவரைப் படமெடுக்கும் சோதனை வேண்டாம், பிலிமும் சுவரும் சமாந்தரமாக நிற்கிறதா என்ற சோலியே பெரிது. அதே கோபுரத்தை ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுபோய் 2.8, 5.6, 8 என மூன்று முறை எடுங்கள்: 12 பிரேம். ஒரு மூலை மட்டும் எஃப் 8இலும் மசங்கினால் மையம் விலகிய லென்ஸ். நாலும் 2.8இல் ஒரேயளவு மசங்கி 8இல் தெளிந்தால் அது இந்த லென்ஸின் இயல்பு. பிறகு 25 சென்ரிமீற்றரில் பத்திரிகைத் தாளை நாலு பிரேம். சூரியன் படத்துக்குள் வர நாலு. ஒரே வெளிச்சத்தில் 1/250 எஃப் 8, 1/125 எஃப் 11, 1/60 எஃப் 16, 1/30 எஃப் 22 என நாலு. கடைசி நாலும் நெகடிவ்வில் ஒரே கருமையோடு வரவேணும். மிச்சம் 12 பிரேம் உங்களுக்கு.

ஸ்கானை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், நெகடிவ்வைக் கேளுங்கள். லாப் ஸ்கானர் ஒவ்வொரு பிரேமின் வெளிச்சத்தையும் தானே சமப்படுத்திப் பிளேட் பிழையை மறைத்துவிடும், கரையையும் கொஞ்சம் வெட்டும். மூலையைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும்! லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்து நெகடிவ்வையே பாருங்கள்.

நாளாந்தப் பாவனையில் ஸ்ப்ளிட் இமேஜை, அதாவது வியூபைண்டர் நடுவில் போகஸ் பார்க்கும் வட்டத்தை மறந்து, லென்ஸிலுள்ள தூரக் குறியை நம்பிப் பழகுங்கள். இரண்டு மீற்றருக்கு அப்பால் அந்தச் சிறு வட்டத்தில் வித்தியாசம் பிடிபடாது. எஃப் 8இல் 1.7 மீற்றர் வைத்தால் கணக்குப்படி 0.85 மீற்றரிலிருந்து முடிவிலிவரை கூர்மை. அது சிறிய பிரின்டுக்குரிய கணக்கு, தூரத்தை 1.7இலேயே விட்டு எஃப் 11இல் எடுப்பதே பாதுகாப்பு. வெளிச்ச மீற்றரை வானத்துக்குக் காட்டக்கூடாது. பிரேமில் பாதி வானம் என்றால் படத்துக்கு வெளிச்சம் ஒன்று இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் பாதி) குறைந்து நெகடிவ் வெளிறிப்போகும். கமராவைத் தாழ்த்தி ரோட்டைக் காட்டி அளந்துவிட்டு நிமிருங்கள்.

கிடைப்படத்தில் மேலே 31 பாகை தெரியும். பங்குனி, புரட்டாதிப் பக்கம் அதன் பொருள், கிழக்கே பார்த்தால் காலை எட்டே கால்வரையும், மேற்கே பார்த்தால் பின்னேரம் நாலுக்குப் பிறகும் சூரியன் பிரேமுக்குள் வரும் என்பது. எஃப் 16இல் ஏழு பிளேட்டும் 14 கதிர் போடும், வடிவுதான். கூடவே லென்ஸுக்குள் வெளிச்சம் தெறிப்பதால் எதிர் மூலைக்குப் பேய்ப்புள்ளி வரிசை ஒன்றும் வரும். இதற்குரிய எச்கே-14 ஹூட் (முன்னால் மாட்டும் மறைப்பு) பக்கத்து வெயிலை ஓரளவு தடுக்கும். வானத்தைக் கருக்கும் பொலறைசர் பில்டர் வேண்டாம். 94 பாகை வானத்தில் நடுவில் ஒரு கருநீலப் பட்டை விழும், பிரின்டில் மறைக்க முடியாது.

மனிதரைக் கரையில் நிறுத்தாதீர்கள். பக்கக் கரையில் தலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அகலமாக இழுபடும். கலியாண வீட்டுக் குரூப் படத்தில் கரையில் நின்ற மாமிக்குப் பதில் சொல்ல ஏலாது. ஆடிவேல் தேர் செட்டியார் தெருவால் வரும்போது இதே இழுவை வடத்துக்கும் சக்கரத்துக்கும் பலம் சேர்க்கும். எஃப்எம்2 வியூபைண்டர் 93 வீதம்தான் காட்டும். கமரா நாடாவும் விரலும் நெகடிவ்வில் வந்தபிறகுதான் தெரியவரும்.

வாங்கியபின் தோல் உறையை வீசுங்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துப் பங்கஸ் வளர்ப்பது அதுதான். ஈரம் நீக்கும் ட்ரை கபினெட் இருந்தால் ஈரப்பதன் 40 முதல் 50 வீதம். இல்லாவிட்டால் றப்பர் வளையம் போட்ட மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. 30க்குக் கீழே இறங்கினால் கிறீஸ் காயும். ஏசி அறையிலிருந்து வெளியே போகும்போது பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் விடுங்கள், இல்லாவிட்டால் பனி பிடித்த கண்ணாடியோடுதான் நிற்பீர்கள். காலி முகத்திடலால் வந்த அன்றைக்கே லென்ஸின் வெளிப்புறத்தையும் பில்டரையும் மெல்லிய ஈரத் துணியால் துடையுங்கள். உப்பு முதலில் பிடிப்பது பில்டர் திரெட்டைத்தான். இறுகிவிட்டால் கழற்றும்போது முன் வளையமும் சேர்ந்து சுற்றும்.