எல்லையோரக் கடையில் வாங்கிய பன்னிரு புரிக் கயிறு: ஒரு மதிப்புரை

களியக்காவிளையிலிருந்து கொல்லங்கோட்டை நோக்கிச் செல்லும் சாலையில் மீன்பிடித் தளவாடங்கள் விற்கும் கடை ஒன்று உள்ளது. எங்கள் குடும்பத்து ஆழ்கடல் படகுக்காக அங்கே 12 மி.மீ. கனமுள்ள, பன்னிரண்டு புரிகளால் பின்னப்பட்ட, உயர்வலுப் பாலிஎத்திலீன் கயிற்றை வாங்கினோம். கடையிலும் துறைமுகத்திலும் இவ்வகைக் கயிறு எல்லாவற்றையும் ‘டைனீமா’ என்றே சொல்கிறார்கள். அது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் மட்டுமே. நாங்கள் வாங்கியது அந்த நிறுவனத்தின் சரக்கு அல்ல. ஒரு பருவம் முழுவதும் உழைத்த பின் எழுதுகிறேன்: கயிறு மிக நல்ல கயிறு. ஆனால், அறுபடும் பாரம் இத்தனை டன் என்ற ஒற்றை எண்ணைக் காட்டி அதைக் கடைக்காரர் விற்கும் முறைதான் குறை.

முதலில் தேவையைச் சொல்லிவிடுகிறேன். நீரோடி முதல் இரயுமன்துறை வரையிலான ஊர்களின் படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவை. தேங்காய்ப்பட்டணத்தைப் போலவே கொச்சித் துறைமுகமும் இவர்களுக்குச் சொந்த முற்றம். கரையிலிருந்து வெகு தொலைவில் எஞ்சின் நின்றுபோனால், இன்னொரு படகுதான் கட்டி இழுத்துக்கொண்டு வரவேண்டும். இந்த வேலைக்கு இதுவரை வைத்திருந்தது 24 மி.மீ. நைலான் கயிறு. அது அறுபடும் பாரம் சுமார் 12 டன். 100 மீட்டரின் எடை ஏறக்குறைய 35 கிலோ. நனைந்துவிட்டால் அதற்கும் மேல். புதிய கயிறு பாதித் தடிமனில் அதே பாரத்தைத் தாங்குகிறது, 100 மீட்டர் எடையோ 9 கிலோவுக்குள்தான். இரவில், அலையில் ஆடும் தளத்தில், ஓர் ஆள் ஒரு கையால் சுருளைத் தூக்கி அடுத்த படகுக்கு எறிய முடிகிறது என்பதுதான் இதன் உண்மையான மதிப்பு. நீர் குடிப்பதில்லை. மூழ்காமல் மிதப்பதால், இழுவை தளரும்போது கீழே இறங்கிப் படகை உந்தும் காற்றாடியில் சுற்றிக்கொள்ளும் பயமும் குறைவு.

கடைக்காரர் தம் சரக்கு அசல் என்று நிறுவ ஒரு வாளித் தண்ணீரில் துண்டுக் கயிற்றைப் போட்டு, “மூழ்காது, கேட்டியளா?” என்று காட்டினார். இந்தச் சோதனையால் எதுவும் நிரூபணமாவதில்லை. சாதாரணப் பாலிபுரொப்பிலீன் கயிறும் மிதக்கும். சொல்லப்போனால் அதன் அடர்த்தி இன்னும் குறைவு. நைலானும் கெவ்லர் என்னும் மற்றோர் உயர்வலு இழையும் மூழ்கும் என்பது மட்டுமே வாளி சொல்லும் செய்தி. வாங்குகிறவர் செய்ய வேண்டியது வேறு. ஒரு புரியைப் பிரித்து விரலிடையே உருட்டினால் மெழுகு பூசியதுபோல் வழுக்க வேண்டும். நூல் மிக மெல்லியதாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டும். மொட்டைக் கத்தரிக்கோல் அதில் மென்று கொண்டிருக்குமே தவிர வெட்டாது. இவற்றுக்கும் மேலாக, தயாரிப்பாளரின் சோதனைச் சான்றிதழும் சுருளில் ஒட்டிய தொகுதி எண்ணும் பொருந்த வேண்டும். கேட்டபோது எடுத்துக் காட்டினார்கள். கேட்காதவருக்குக் காட்டுவதில்லை.

இந்தக் கரைக்குச் செயற்கை இழை வந்த வரலாறு நீண்டதன்று. அமெரிக்காவின் டுபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் தலைமையிலான குழு 1935-ல் நைலானை உருவாக்கியது. 1940-ல் பெண்களின் காலுறையாகக் கடைக்கு வந்த அது, போர்க்காலத்தில் வான்குடையாகவும் கயிறாகவும் மாறியது. 1953-ல் கொல்லத்தருகே நீண்டகரையில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டம் விசைப்படகுகளோடு நைலான் வலையையும் கேரளக் கரையில் பரப்பியது. அப்போது எங்கள் ஊர்களும் திருவிதாங்கூர்–கொச்சியைச் சேர்ந்தவையே. 1956 நவம்பரில்தான் தமிழகத்துடன் இணைந்தன. பருத்தி வலையைச் சாயமேற்றி, நாள்தோறும் உலர்த்தி, அப்படியும் அழுகக்கொடுத்த தலைமுறைக்கு நைலான் பெரிய விடுதலை. அதன் வலுவைவிட அழுகாமைதான் அவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

இப்போது வாங்கிய கயிற்றின் மூலப்பொருளில் அதிசயம் ஏதுமில்லை. குடமும் வாளியும் செய்யும் அதே பாலிஎத்திலீன்தான், மூலக்கூறுச் சங்கிலி மட்டும் பன்மடங்கு நீளமானது. அத்தனை நீளச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்வரை அவற்றின் வலு வெளிப்படாது. நெதர்லாந்தில் டிஎஸ்எம் நிறுவனத்தின் பால் ஸ்மித்தும் பீட் லெம்ஸ்ட்ராவும் 1970-களின் இறுதியில் கண்ட வழி, அதைக் கரைப்பானில் நீர்க்கக் கரைத்து, கூழ்நிலை இழையாக இறக்கி, சூடாக்கிப் பல மடங்கு நீளத்துக்கு இழுப்பது. சிக்குப் பிடித்த கூந்தலை எண்ணெய் தேய்த்துச் சீவுவது போல, சங்கிலிகள் அனைத்தும் இழையின் நீளவாட்டத்திலேயே படிந்துவிடுகின்றன. 1990-ல் ஹேர்லென் நகரில் வணிக உற்பத்தி தொடங்கியது. ஒரே எடையில் ஒப்பிட்டால் எஃகைவிடப் பத்து மடங்குக்கு மேல் வலு என்ற பேச்சு இங்கிருந்து வந்ததுதான், கடைக்காரர் மிகைப்படுத்தவில்லை. ஆனால் ‘ஒரே எடையில்’ என்ற இரு சொற்களையும் அவர் விழுங்கிவிடுகிறார்.

இனி, டன் கணக்கில் அடங்காதவை. இந்த இழை அறுபடுமுன் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் நீளும். நைலான் இழையோ அதைப் போலப் பல மடங்கு நீளும். அலையில் இரு படகுகளும் எதிரெதிராக எழும்போது விழும் வெட்டிழுப்பை நைலான் நீண்டு வாங்கிக்கொள்கிறது. புதிய கயிறு அதை அப்படியே படகின் முளைக்குக் கடத்திவிடுகிறது. ஆகவே இதைத் தனியாக இழுவைக்குப் போடக் கூடாது. ஒரு முனையில் சில பாக நீளத்துக்கு (பாகம் என்பது இரு கைகளையும் விரித்த அளவு) நைலானைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இழுவைக் கப்பல்களிலும் இதுவே வழக்கம். கடையில் இதை யாரும் சொல்லவில்லை. அடுத்து வெப்பம். 150 டிகிரி செல்சியஸுக்குச் சற்று முன்பே உருகிவிடும் பொருள் என்பதால், பாரத்தோடு உருளைமேல் வழுக்கவிட்டால் உராய்வுச் சூட்டிலேயே இழைகள் ஒட்டிக் கண்ணாடி போல் பளபளக்கத் தொடங்கும். எங்கள் கயிற்றில் இரண்டு இடங்களில் இதைக் காண்கிறேன். பாரம் ஓயாமல் தொங்கினால் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும் குணமும் இதற்கு உண்டு. இழுவைக்கு அது பொருட்டல்ல, நிரந்தரக் கட்டுக்குப் பொருட்டு.

முடிச்சு இதன் முதல் பகை. வழுக்கும் இழை ஆகையால் நாம் பழகிய முடிச்சுகள் பாரம் ஏறும்போது நழுவிவிடும். நழுவாத முடிச்சும் ஏறக்குறைய பாதி வலுவைத் தின்றுவிடும். “முடிச்சு நிக்காது, பின்னித்தான் போடணும்” என்று கடையில் கயிறு வேலை பார்க்கும் பெரியவர் தாமாகவே சொன்னார். அந்தக் கடையில் கேட்ட மிகப் பயனுள்ள வாக்கியம் அதுதான். பன்னிரு புரிக் கயிறு உள்ளே பொள்ளலானது. முனையை மடித்துக் கண்ணி செய்து, எஞ்சிய வாலைக் கயிற்றின் வயிற்றுக்குள்ளேயே நுழைத்துவிட்டால், பாரம் ஏற ஏற வெளிப்பின்னல் இறுகி வாலைக் கவ்விக்கொள்ளும். பெரியவரின் கை வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்: இரும்பு ஊசியால் பின்னலைத் திறந்து, வாலின் நுனியைத் துணிநாடாவால் கட்டி உள்ளே அனுப்பி, வெளிப்பக்கத்தை இரு உள்ளங்கைகளாலும் நீவிவிட்டு, ஊசி போன இடமே தெரியாமல் செய்துவிட்டார்.

இருந்தும் முதலில் அவர் நுழைத்த வால் ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். நைலானில் பழகிய கை அப்படித்தான் அளக்கும். இந்த வழுக்கல் இழைக்கு, கயிற்றின் கனத்தைப் போல் 72 மடங்கு நீளம் உள்ளே போக வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு, 12 மி.மீ. கயிற்றுக்கு அது 86 செ.மீ.க்கு மேல். நுனியிலும் புரிகளைப் படிப்படியாக வெட்டிக் கூராக்க வேண்டும். இல்லாவிட்டால் வால் முடியும் இடத்தில் கயிறு திடீரென ஒடுங்கி அங்கேயே அறும். சொன்னபோது பெரியவர் முகம் சுளிக்காமல் பிரித்து மறுபடியும் செய்து தந்தார். கூலியை மட்டும் கடை முதலாளி இருமுறைக்குக் கணக்கிட்டார், அது நியாயமன்று.

அதே கடையில் மேலுறை பின்னிய ரகமும் உண்டு. விலை கூடுதல், பார்வைக்கு அழகு. நான் அதை வேண்டாம் என்றேன். 2015 மார்ச்சில் பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவன் துறைமுகத்தில் ‘சர்கா’ என்னும் எரிவாயுக் கப்பலைக் கட்டும்போது இவ்வகை இழைக் கயிறு அறுந்து பின்னடித்ததில் கப்பல் அதிகாரி ஒருவருக்குத் தலையில் பலத்த காயம் ஏற்பட்டது. பாரம் தாங்கும் உள்ளிழைகள் முன்பே நொந்து போயிருந்ததை மேலுறை மறைத்திருந்தது விசாரணையில் தெரியவந்தது. நீளாத கயிறு பின்னடிக்காது என்று துறைமுகத்தில் உலவும் நம்பிக்கையையும் அந்த விபத்து உடைத்தது. உறையில்லாத கயிற்றில் நொந்த புரி கண்ணுக்குத் தெரிகிறது. எத்தகைய கயிறாயினும் இழுவையின்போது அதன் நேர்கோட்டில் ஆள் நிற்கக் கூடாது.

கெவ்லர் கயிறும் அலமாரியில் மஞ்சளாகத் தொங்குகிறது. 1965-ல் டுபாண்டில் ஸ்டெஃபனி குவாலெக் எடை குறைந்த டயருக்கான இழையைத் தேடியபோது கிடைத்த கரைசல், வழக்கத்துக்கு மாறாகக் கலங்கலாகவும் நீர்த்தும் இருந்தது. இழை இறக்கும் பொறி அடைத்துக்கொள்ளும் என்று அதை இயக்குபவர் முதலில் மறுத்தார் என்பார்கள். அந்தக் கலங்கலே சிறப்பு: அதில் மூலக்கூறுகள் முன்கூட்டியே வரிசையில் நின்றன. உருகாத, தீயைத் தாங்கும் இழை அது. ஆனால் வெயிலும் மடிப்பும் அதற்கு ஆகா. இரண்டும் நம் படகில் ஓயாதவை. கடலுக்கு அதை வாங்க வேண்டாம். அதே இழையில் பின்னிய கையுறை மட்டும் மீன் வெட்டும் கத்திக்கும் தூண்டில் முள்ளுக்கும் நன்றாக உதவுகிறது; முள் குத்துவதை முழுவதும் தடுக்காது, கத்தி கீறுவதைத் தடுக்கும்.

வலுவின் எண்ணை மட்டும் நம்பியவர்கள் கடற்கரையில் மட்டும் இல்லை. கெவ்லரைவிட வலுவான சைலான் என்னும் ஜப்பானிய இழையில் செய்த குண்டு துளைக்காத உடைகள், ஈரத்திலும் வெப்பத்திலும் வலு இழந்ததால் 2005-ல் அமெரிக்கத் தேசிய நீதி நிறுவனத்தின் ஏற்பை இழந்தன. ஆய்வகத்தில் புது இழைக்கு எடுத்த எண், வியர்வை பட்ட இழைக்குப் பொருந்தவில்லை.

விலை நைலானைவிடப் பல மடங்கு. கரையோரத்தில் வள்ளம் கட்டவும் நங்கூரத்துக்கும் இதை வாங்குவது வீண்செலவு. அங்கே நீளும் நைலானே மேல். ஆழ்கடல் படகின் இழுவைக்கும், அடிக்கடி கையால் தூக்கும் இடங்களுக்கும் தயங்காமல் வாங்கலாம். கயிற்றின் கனம், தயாரிப்பாளர், தொகுதி எண் மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கண்ணிக்குள் வைக்கும் இரும்பு வளையம் கடையில் எல்லா அளவிலும் இருப்பதில்லை. உங்களுடையதைக் கொண்டுபோய்விடுவது நல்லது. பெரியவர் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை, சந்தை நாளில் மதியத்துக்குப் பிறகுதான் அவருக்கு நேரம் கிடைக்கிறது. பின்னல் கூலியை அவர் ஊசியை எடுக்குமுன் முதலாளியிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.