எம்டிபி ஃபோர்க்குக்கு எந்த ஆயில்: கம்பெனி டப்பாவா, ஸ்பேர்ஸ் கடை டப்பாவா?

முதலில் உங்கள் எம்டிபியின் (மவுண்டன் பைக் சைக்கிளின்) ஃபோர்க்கில், அதாவது முன் சக்கரத்து ஷாக் அப்சார்பரில், மாற்றுவதற்கு ஆயில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப விலை எம்டிபிகளில் அதிகம் வரும் சன்டூர் கம்பெனியின் எக்ஸ்சிடி, எக்ஸ்சிஎம் ரகங்களில் காயில் ஸ்பிரிங்தான். கீழ்க் காலுக்குள் (ஃபோர்க்கின் கீழ்ப்பக்க வெளிக்குழாய்க்குள்) கிரீஸ் மட்டும் இருக்கும். அடி போல்ட்டுகளைக் கழற்றி, கீழ்க் காலை உருவி, பழைய கிரீஸைத் துடைத்துப் புதுசு தடவினால் வேலை முடிந்தது. இதற்கு ஆயில் தேடி அலைய வேண்டியதில்லை.

காயிலுக்குப் பதில் காற்று அடைத்த ஏர் ஃபோர்க் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த அலசல். அதில் ஆயில் இரண்டு இடத்தில், இரண்டு வேலைக்காக இருக்கிறது. கீழ்க் காலுக்குள் கிடப்பது புஷ்ஷையும் சீலுக்கு அடியில் உள்ள ஃபோம் வளையத்தையும் நனைத்து வைக்க. டேம்பருக்குள் இருப்பது சின்னத் துளைகள் வழியாகப் போய்வந்து, ஃபோர்க் அமுங்கி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்த. ‘நல்ல ஆயில் எது?’ என்று பொதுவாகக் கேட்டு வாங்கிப் பிரயோஜனமில்லை. எந்த இடத்துக்கு என்பதை முதலில் முடிவு பண்ண வேண்டும்.

கீழ்க் காலுக்கு, ஃபோர்க் தயாரிக்கும் ஃபாக்ஸ் கம்பெனி தன்னுடைய 20 வெயிட் (ஆயிலின் கெட்டித்தன்மை எண்) கோல்ட் ஆயிலைச் சொல்கிறது. ராக்‌ஷாக்ஸ் என்ற இன்னொரு கம்பெனி பல மாடல்களுக்கு 0டபிள்யூ-30 சொல்லியிருக்கிறது. இரண்டும் அருமையான ஆயில், மறுப்பதற்கில்லை. ஆனால் என் ஓட்டு ஸ்பேர்ஸ் கடைக்குத்தான். கோவை காந்திபுரத்திலோ ஈரோட்டிலோ மோட்டார் பைக் ஸ்பேர்ஸ் கடையில் மோட்டுல், லிக்வி மோலி மாதிரி நல்ல ஃபோர்க் ஆயில் 10 அல்லது 15 வெயிட் கேட்டு வாங்குங்கள். இந்த இடத்தில் ஆயிலுக்கு வழுக்கி விடும் வேலை மட்டுந்தான். அதைவிட முக்கியம், நேரத்துக்கு மாற்றுவது. ராக்‌ஷாக்ஸும் சன்டூரும் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க் காலைக் கழற்றச் சொல்கின்றன. விலை கூடின டப்பா வாங்கியவர் சிக்கனம் பார்த்துத் தள்ளிப்போடுவார். கையில் ஆயில் தாராளமாக இருப்பவர் மாற்றிவிடுவார்.

நம் பக்கத்து மண்ணுக்கு அந்த 50 மணி நேரமே அதிகம் என்று நினைக்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காத்து அடிக்கிற மாதங்களில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் வாய்க்கால் கரையில் ஓட்டிப் பாருங்கள். மேல் குழாயில் சீல் நிற்கும் இடத்தில் செம்மண் வளையமாகப் படிந்திருக்கும். கழற்றினால் ஆயில் கறுத்து, விரலில் தேய்த்தால் நறநறக்கும். வால்பாறை மழையில் நனைந்த ஃபோர்க் என்றால் ஆயில் பால் டீ நிறத்தில் வரும். தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். காத்து ஓய்ந்ததும் ஒருமுறை, ஐப்பசி மழை முடிந்ததும் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் மேல் குழாயின் பூச்சு தேயாமல் தப்பிக்கும்.

வண்டியில் மிஞ்சிய 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயிலை ஊற்றுகிறவர்களும் உண்டு. அது இந்த வேலைக்கு ரொம்பக் கெட்டி. ஃபோர்க் மந்தமாகிவிடும்.

ஆயிலை ஸ்பேர்ஸ் கடையில் வாங்கலாம் என்றால், வேலையையும் பைக் மெக்கானிக்கிடமே கொடுக்கலாமா? வேண்டாம். ‘இன்னும் கொஞ்சம் சேத்தி ஊத்தினா நல்லா வேலை செய்யுமுங்க’ என்பார். அவர் பக்கத்து நியாயம் அது. மோட்டார் சைக்கிள் ஃபோர்க்கில் டேம்பிங்குக்கும் வழவழப்புக்கும் ஒரே ஆயில்தான். ஒரு காலுக்கே நூறு மில்லிக்கு மேல் போகும். எம்டிபி கீழ்க் காலுக்கு மாடலைப் பொறுத்து 5 முதல் 40 மில்லிதான். கூடப் போனால் உள்ளே காற்று அமுங்க இடமில்லாமல் ஃபோர்க் முழுசாக இறங்காது, சீலையும் வெளியே தள்ளிவிடும். ஊசி போடும் சிரிஞ்சில் அளந்து நீங்களே ஊற்றுங்கள். அடி போல்ட்டை நாலு சுற்றுத் தளர்த்தி, ரப்பர் சுத்தியால் தட்டினால் தண்டு விடுபடும். திரும்ப முடுக்கும்போது ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்குகளில் சுமார் 7 நியூட்டன் மீட்டர்தான்; வாஷரைப் புதுசாகப் போடுங்கள்.

டேம்பருக்கு வந்தால் என் தீர்ப்பு தலைகீழ். அங்கே கம்பெனி சொன்னதுதான். டப்பாவில் போட்டிருக்கும் 5 வெயிட், 10 வெயிட் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒருவருடைய 5 இன்னொருவருடைய 7.5-க்குச் சமமாக இருக்கும். ஒப்பிட வேண்டியது 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அளவு) என்ற எண்ணை. வெயிலில் எவ்வளவு நீர்க்கும் என்பதைச் சொல்லும் விஸ்காசிட்டி இண்டெக்ஸையும் பாருங்கள். மேட்டுப்பாளையத்து வெக்கையில் கிளம்பிக் கோத்தகிரிக் குளிரில் போய் நிற்பவர்களுக்கு அது கணக்கில் வரும். ராக்ஷாக்ஸின் ரீகான் மாடலில் வரும் மோஷன் கன்ட்ரோல் டேம்பர் என்றால் வீட்டிலேயே 5 வெயிட் மாற்றலாம். அதே கம்பெனியின் சார்ஜர் மாதிரி ரப்பர் பை வைத்து மூடிய டேம்பரில் காற்றுக் குமிழ் இல்லாமல் ஆயில் ஏற்ற வேண்டும். அதற்கு ஆளும் சாமானும் உள்ள சர்வீஸ் சென்டருக்கே அனுப்புங்கள், செலவைப் பார்க்காதீர்கள்.

சீல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கோயமுத்தூரில் பம்ப் ஆயில் சீல் எந்த அளவிலும் கிடைக்கும் என்பதால் அதையே போட்டுப் பார்க்கும் ஆசை வரும். அது சுழலும் தண்டுக்கானது. மேலும் கீழும் போய்வரும் குழாயில் போட்டால் பிடிக்கும், மண்ணையும் வழித்துத் தள்ளாது. சீல் மட்டும் ஃபோர்க் மாடலுக்கானதே வாங்குங்கள். அதை அடித்து இறக்கும் டிரைவரை வேண்டுமானால் கணபதிப் பக்கம் லேத் பட்டறையில் நைலான் கட்டையில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம்; பழைய சீலை அளவுக்குக் கையோடு கொண்டுபோங்கள்.