நண்டோடு 14 மாதம்

ஆரணியில் அரிசி மண்டி நடத்தும் நண்பன் போன வாரம் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தான். முதுகைக் காப்பாற்ற உடம்பில் மாட்டிக்கொள்ளும் கருவி, விலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறதாம். "நீ போட்டுக்கொண்டு நிற்கும் படத்தில் பார்த்தேனே, அதே சாமான்தானே? ஆட்களுக்கு நான்கு வாங்கிப் போடலாமா?" என்று கேட்டிருந்தான். குரல் பதிவில் பதில் சொல்லத் தொடங்கினேன். அதன் நெஞ்சுத் திண்டைப் பற்றிப் பேச்சு வந்ததும் கோபம் தலைக்கேறிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம், மொத்த உணவுப்பொருள் கிடங்கில் எனக்கு வேலை. 14 மாதங்களுக்கு முன் நிர்வாகம் நான்கு கருவிகளைத் தந்தது. மோட்டார், பேட்டரி எதுவும் இல்லாத வகை. நெஞ்சில் ஒரு திண்டு, தொடைக்கு ஒன்றாக இரண்டு திண்டு, இடுப்பின் இருபுறமும் ஸ்பிரிங், முதுகில் ஒரு சட்டம். குனிந்தால் ஸ்பிரிங் இறுகும், நிமிரும்போது அந்த விசையைத் திருப்பித் தரும். எடை சுமார் 3 கிலோ. கையேட்டில் புற எலும்புக்கூடு என்று என்னவோ பெரிய பெயர் இருக்கிறது. எங்கள் கிடங்கில் அது நண்டு.

இப்போது அந்த நெஞ்சுத் திண்டு. ஒரு நண்டை இரண்டு ஷிப்டுக்காரர்கள் பகிர்ந்துகொள்கிறோம். எனக்கு முன்னால் போடுகிற தம்பி தங்கமானவன். அவன் வியர்வையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. இரவு எட்டு மணிக்கு நான் எடுத்து மாட்டும்போது திண்டு ஈரமாகவே இருக்கும். துவைத்தால் இந்த ஊர்க் காற்றில் காய இரண்டு நாள் ஆகிறது. மாற்றுத் திண்டு தனியாகக் கிடையாது, முன்பகுதி முழுவதையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார்கள். ஐந்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நெஞ்சில் வேர்க்குரு வந்து, அதன் மேல் திண்டு அழுத்துகிற எரிச்சலை இதை வடிவமைத்தவர் ஒரே ஓர் இரவு அனுபவித்திருக்க வேண்டும். முதுகிலிருந்து எடுக்கும் பாரத்தை எங்காவது இறக்கித்தானே ஆக வேண்டும்? நெஞ்சிலும் தொடையிலும்தான் இறக்குகிறது. அப்படியென்றால் திண்டுதான் கருவியின் உயிர்நாடி. அதைப் போய்க் கடற்பஞ்சு மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். இது தூக்குவதற்கு உதவும் என்று நினைத்துத்தான் போட்டேன். 25 கிலோ அரிசிப் பையைத் தூக்கும்போது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. (வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நையாஷ் (NIOSH) நிறுவனத்துச் சூத்திரம், எல்லாமே சாதகமாக இருந்தால்கூட 23 கிலோதான் எல்லை என்கிறது. நம் பை அங்கேயே தோற்றுவிடுகிறது.) அது அசத்தியது வேறு இடத்தில். சரக்கு அடுக்கும் பலகையின் அடியடுக்கில் இருக்கும் அட்டைப்பெட்டிகளின் காலாவதித் தேதியைக் குனிந்தபடி ஒவ்வொன்றாகப் பார்ப்போமே, அங்கே. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துத் தாங்குவது போல இருக்கும். கையில் சுமையே இல்லாவிட்டாலும், குனிந்து நின்றால் தலை, கை, மார்பு என்று உடம்பு எடையில் பாதிக்கு மேல் முதுகுத் தசைதான் இழுத்துப் பிடிக்கிறது. அந்தத் தசையோ முதுகெலும்பு மூட்டிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. கதவைக் கீல் பக்கம் பிடித்து இழுத்துப் பாருங்கள், புரியும். இந்த வகைக் கருவிகள் முதுகுத் தசையின் உழைப்பை 10 முதல் 40 சதவீதம் வரை குறைப்பதாக 2016-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. ஆய்வுக்கூடத்துக் கணக்குதான். அங்கே திண்டு காய்ந்திருக்கும்.

இதற்கு முன் நான்கு வருடம் இடுப்பு பெல்ட் கட்டியவன் நான். அமெரிக்கக் கடைத் தொழிலாளர்கள் 9,000-க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்து ஆராய்ந்து, பெல்ட்டால் முதுகுக் காயம் குறையவில்லை என்று 2000-லேயே எழுதிவிட்டார்கள். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முன் இடது ஸ்பிரிங் மடங்கிய நிலையில் சிக்கிக்கொண்டது. பழுதுபார்க்க மூன்று வாரம். முதல் வாரம் விடுதலை பெற்றவன் போல் நடந்தேன், சாப்பிட உட்கார்ந்தால் திண்டு தொண்டையில் இடிக்கவில்லை. மூன்றாம் வாரம், ஷூவுக்குக் கயிறு கட்டக் கட்டிலில் உட்கார வேண்டியதாயிற்று. பண்டிகைச் சரக்கு ஏராளமாக வந்த நேரம் அது, முழுப் புகழையும் நண்டுக்குக் கொடுத்துவிட மாட்டேன். ஆனாலும் திரும்பி வந்த அன்று அதை மாட்டிக்கொண்டு குனிந்தபோது என்னையறியாமல் "அப்பாடா" என்றேன். தம்பி சிரித்தான்.

இனி உனக்கு, நண்பா. வாங்காதே. உன் ஆட்கள் லாரிக்கு முதுகைக் காட்டி நின்று மூட்டையை வாங்குகிறவர்கள், சும்மாடு கட்டித் தலையில் ஏற்றுகிறவர்கள். இந்த ஸ்பிரிங் குனியும்போது மட்டும்தான் வேலை செய்யும், நிமிர்ந்து சுமக்கிறவனுக்கு 3 கிலோ வெட்டிச் சுமை. மூட்டை உட்கார வேண்டிய இடத்தில் சட்டம் வேறு துருத்திக்கொண்டிருக்கும், தோளைக் கிழித்துவிடும். விலை பாதியானால் என்ன, கால்வாசியானால் என்ன? 2022-ல் 25 கிலோ வரையிலான சிப்பத்துக்கு ஜி.எஸ்.டி. வந்ததும், வரிக்குத் தப்ப 25 கிலோ சிப்பத்தை ஒரே மாதத்தில் 26 கிலோ ஆக்கினீர்கள் அல்லவா? வரிக்காக ஏற்றத் தெரிந்தவர்களுக்கு முதுகுக்காக 20 ஆக இறக்கத் தெரியாதா? அந்தப் பணத்தில் இரண்டு தள்ளுவண்டி வாங்கு, லாரி உயரத்துக்கு ஒரு மேடை கட்டு.

போன மாதம் எங்கள் நிர்வாகம் கருவிகளைத் திருப்பி அனுப்பலாமா என்று படிவம் கொடுத்துக் கேட்டது. திண்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசிக் கட்டத்தில் "வேண்டும்" என்று குறியிட்டேன். இன்றைக்கும் இரவு ஷிப்ட். திண்டுக்கும் சட்டைக்கும் நடுவில் வைக்க ஒரு துண்டை மடித்துப் பையில் போட்டிருக்கிறேன்.