மரபணு கவுன்சலிங் கிளினிக், புதுச்சேரி: "ஸ்கேன் நார்மல்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் அவசியம் போங்கள்

கடலூரிலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு போனோம். பேச்சு தாமதம், முகம் பார்க்க மாட்டான், கையை உதறிக்கொண்டே இருப்பான், சத்தம் ஆகவே ஆகாது. இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் மயக்க மருந்து கொடுத்து எம்ஆர்ஐ எடுத்து, "மூளை நார்மல், போகப்போகச் சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். தெரபி ஆரம்பிக்க வேண்டிய காலம் அதிலேயே போய்விட்டது, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இங்கே டாக்டர் அந்தப் பிலிமைப் பார்த்துவிட்டு இன்னொரு ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லி ரத்தம் மட்டும் எடுத்தார். வந்தது ஃப்ராஜைல் எக்ஸ் என்ற பரம்பரை மரபணுக் கோளாறு. எக்ஸ் குரோமோசோமில் எஃப்எம்ஆர்1 என்ற மரபணுவில் சிஜிஜி என்ற மூன்றெழுத்து எல்லாருக்கும் திரும்பத் திரும்ப வருமாம். அது 200ஐத் தாண்டினால் மரபணு அடைபட்டு, மூளை வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் உருவாகாமல் போகிறது.

அப்போ ஸ்கேன் எப்படி நார்மல் என்று கேட்டேன். கொஞ்சமும் அவசரப்படாமல், சீட்டின் பின்பக்கம் படம் போட்டே சொன்னார். இந்தப் பிள்ளைகளுக்கு மூளையின் உள்ளே காடேட் என்ற பகுதி பெரிதாகவும், சிறுமூளையின் நடுவில் வெர்மிஸ் சற்றுச் சிறிதாகவும் இருப்பதை 1990களிலேயே ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள், ஆனால் அது பல பேரின் படங்களை ஒப்பிட்டு அளந்தால் தெரிகிற வித்தியாசம், ஒரே பிள்ளையின் பிலிமை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. இன்னும் நுணுக்கமானது நரம்புச் செல்லின் கிளைகளில் இருக்கும் முட்கள்: வளர வளரக் குட்டையாகி, வேண்டாதவை கழிய வேண்டும், இவர்களுக்கு அவை நீளமாக, மெல்லிசாக, நிறைய நிற்கின்றன. அது எந்த எம்ஆர்ஐயிலும் விழாது.

அப்புறம் கவுன்சலர் பெண் எங்கள் குடும்பத்தைச் சதுரமும் வட்டமுமாக வரைந்துகொண்டே வந்து, என் அப்பாவிடம், "ஐயா, இந்தக் கை நடுக்கம் எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டார். அப்பா டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்ததைக் கவனித்திருக்கிறார்! பார்க்கின்சன் என்றுதான் இத்தனை நாள் மாத்திரை. அவருடைய பழைய பிலிமைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால், மூளைத்தண்டிலிருந்து சிறுமூளைக்குப் போகும் பாதையில் இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தெரிகிறது. அந்தச் சிஜிஜி 55லிருந்து 200 வரை திரும்ப வருகிறவர்களில் சிலருக்கு 50 வயதுக்கு மேல் இப்படி வருமாம். பரிசோதனையில் அப்பாவுக்கு அதுதான் என்று உறுதியானது. பேரனுக்குக் காட்டாத ஸ்கேன் தாத்தாவுக்குக் காட்டியிருக்கிறது, எழுதும்போதுகூட மனசு கனக்கிறது.

மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், அப்பாவிடமிருந்து இது மகள்கள் எல்லாருக்கும் வரும், மகன்களுக்கு வராது. அதனால் அண்ணனை விட்டுவிட்டு, என்னையும் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் தங்கையையும் பரிசோதிக்கச் சொன்னார்கள். "இது யார் தப்பும் இல்லைக்கா" என்று என் மாமியார் காதில் விழும்படி அந்தப் பெண் சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

குறைகளும் உண்டு. காத்திருக்கும் ஹாலில் டிவி அலறுகிறது, இப்படிப்பட்ட பிள்ளைகள் வரும் இடத்தில் அது கூடவே கூடாது; கேட்டதும் அணைத்தார்கள். ரத்தம் வெளியூருக்குப் போவதால் ரிப்போர்ட் தாமதம், அதுவும் முழுக்க இங்கிலீஷில். பார்க்கிங் இல்லை, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோதான் வசதி.

போகிறவர்கள் வீட்டுப் பெரியவர்களின் பழைய ஸ்கேன் பிலிம்களையும் எடுத்துப் போங்கள். தங்கையின் ரிப்போர்ட் வந்ததும் மறுபடி பேச வரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்று ரிசப்ஷனில் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.