நெட்வொர்க் வழியா ஓஎஸ் போட்டுத் தரேன்னு 18,000 வாங்கிட்டுக் கைகழுவினவர்: ஆள் வைக்கிறதுக்கு முன்னாடி படிங்க

கோபம் இன்னும் அடங்கலை. அடங்கினப்புறம் எழுதினா பாதி விட்டுப்போகும், அதனால இப்பவே எழுதறேன். யாருக்காவது உபயோகப்படட்டும்.

எங்க பயிற்சி மையத்து கம்ப்யூட்டர் லேப்ல எல்லா மெஷினுக்கும் புதுசா லினக்ஸ் போடணும். ஒவ்வொண்ணுலயும் பென்டிரைவைச் சொருகிட்டு உட்கார நேரமில்லை. பிஎக்ஸ்இ சர்வர் (மெஷின்களை நெட்வொர்க் வழியா பூட் பண்ண வைக்கிறது) ஒண்ணு அமைச்சுட்டா நெட்வொர்க் வழியாவே எல்லாத்துலயும் இன்ஸ்டால் பண்ணிடலாம்னு, ஃப்ரீலான்ஸ் ஆட்கள் கிடைக்கிற ஒரு ஆன்லைன் தளத்துல தேடினேன். ஒருத்தர் கிடைச்சார். ஐந்து நட்சத்திரம், புகழ்ந்து எழுதின விமர்சனங்கள். 18,000 பேசி முடிச்சோம். பணம் தளத்துகிட்ட இருக்கும், வேலை முடிஞ்சதுன்னு நாம உறுதி சொன்னாத்தான் அவர் கைக்குப் போகும்.

ஆள் பேசினது அவ்வளவு தெளிவு. மெஷின் ஆன் ஆனதும் டிஹெச்சிபிகிட்ட (நெட்வொர்க்ல முகவரி கொடுக்கிற சேவை) ஐபி முகவரி வாங்கும், கூடவே எந்த ஃபைலை எடுக்கணும்ங்கிற தகவலும் வரும், டிஎஃப்டிபி (நெட்வொர்க்ல ஃபைல் அனுப்புற எளிய முறை) வழியா அந்த ஃபைலை இறக்கிக்கும், அப்புறம் லினக்ஸோட மையப் பகுதியான கர்னல், அப்புறம் இன்ஸ்டாலர்னு வரிசையா விளக்கினார். எல்லாமே சரியான தகவல். விஷயம் தெரிஞ்ச மனுஷன்னு நம்பிக்கை வந்ததே அங்கதான்.

ரிமோட்ல சர்வருக்குள்ள போய் வேலை பார்த்தார். ராத்திரி ஆயிடுச்சு. திரையைப் பகிர்ந்து காட்டினார்: ஒரு மெஷின் பூட் ஆகுது, ஐபி வாங்குது, புள்ளி புள்ளியா ஃபைல் இறங்குது, நீலக் கலர்ல இன்ஸ்டால் மெனு வந்து நிக்குது. "பாத்தீங்களா மேடம், முடிஞ்சது. மத்த மெஷினெல்லாம் நீங்க ஆன் பண்ணாப் போதும். ஏதாவதுன்னா ஒரு மெசேஜ் போடுங்க, நான் இருக்கேன்" என்றார். அந்த "நான் இருக்கேன்" இன்னும் காதுல கேட்குது. உறுதி சொல்லி அழுத்தினேன். 18,000 போயிடுச்சு.

மறுநாள் காலைல லேப்ல ஒரு மெஷின்கூட இன்ஸ்டால் ஆகலை. திரையில வந்ததை அப்படியே சொல்றேன். "ஸ்டார்ட் பிஎக்ஸ்இ ஓவர் ஐபிவி4"னு வருது. ஐபி கிடைக்குது. "என்பிபி ஃபைல் டவுன்லோடட் சக்சஸ்ஃபுல்லி"னும் வருது, அதாவது பூட் ஃபைல் முழுசா இறங்கிடுச்சு. அடுத்த நொடி ஒண்ணுமே நடக்காத மாதிரி பூட் மெனுவுக்கே திரும்பிடுது. போட்டோ எடுத்து அனுப்பினேன்.

முதல் பதில், "கேபிள் மாத்திப் பாருங்க மேடம்". மாத்தினோம். அப்புறம் "ஸ்விட்ச் பழசா இருக்கும்". வேற ஸ்விட்ச். அப்புறம் "பயாஸ் அப்டேட் பண்ணுங்க" (மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடற அடிப்படை மென்பொருள்). கடைசியா என்ன சொன்னார் தெரியுமா? "உங்க மெஷின்ல நெட்வொர்க் கார்டு எல்லாமே வீக். புது கார்டு போடணும், நானே ஏற்பாடு பண்றேன், இன்னொரு 6,000 ஆகும்."

இந்தப் பொய்யைத்தான் என்னால ஜீரணிக்கவே முடியலை. கார்டு பழுதுன்னா ஐபி எப்படி வரும்? ஃபைல் எப்படி முழுசா இறங்கும்? வீட்டுக்கு வந்து உட்கார்ந்து வாயாரப் பேசிட்டுப் போனவரை ஊமைன்னு சொல்ற மாதிரி இருக்கு. கேபிள், ஸ்விட்ச், கார்டு மூணும் சரியா இருக்குன்னு அந்த ஒரு வரியே சொல்லுது. அது தெரியாத ஆளா அவர்? அவ்வளவு அழகா விளக்கினவராச்சே!

இதைக் கேட்டப்புறம் மெசேஜ் படிச்சதுக்கு அடையாளம் மட்டும் வந்தது, பதில் வரலை. போன் எடுக்கலை.

தெரிஞ்ச நண்பர் ஒருத்தர் வந்து சர்வரைத் திறந்து பார்த்தார். டிஎன்எஸ்மாஸ்க் (டிஹெச்சிபி, டிஎஃப்டிபி ரெண்டையும் கொடுக்கிற மென்பொருள்) அமைப்புல பூட் ஃபைலுக்கு ஒரே ஒரு வரி, பிஎக்ஸ்லினக்ஸ்.0. அது பழைய பயாஸ் மெஷினுக்கான ஃபைல். எங்க லேப்ல இருக்கிறதெல்லாம் யுஇஎஃப்ஐ, பயாஸுக்குப் பதிலா வந்த புது முறை. அது இறங்கும், ஆனா யுஇஎஃப்ஐக்கு அதை ஓட்டத் தெரியாது, அதான் மெனுவுக்கே திரும்புது. லாக்ல ஒவ்வொரு மெஷினும் "பிஎக்ஸ்இகிளையன்ட்:ஆர்ச்:00007"னு தன்னை அறிமுகப்படுத்திட்டுத்தான் ஃபைல் கேட்டிருக்கு. 7ன்னா 64 பிட் யுஇஎஃப்ஐ, 0ன்னா பழைய பயாஸ். அந்த எண்ணைப் பார்த்து ஃபைலைப் பிரிச்சுக் கொடுக்கணும். நண்பர் ரெண்டு மூணு வரி சேர்த்து, ஷிம், க்ரப்ங்கிற யுஇஎஃப்ஐ பூட் ஃபைல்களை டிஎஃப்டிபி ஃபோல்டர்ல வச்சார். செக்யூர் பூட்டை (நம்பகமில்லாத பூட் ஃபைலைத் தடுக்கிற பாதுகாப்பு) அணைக்காமலே மெஷினெல்லாம் கிளம்பிடுச்சு.

சரி, அன்னைக்கு ராத்திரி நான் பார்த்த நீல மெனு? சர்வருக்குள்ளயே அவர் உருவாக்கின ஒரு விர்ச்சுவல் மெஷின், மென்பொருளாலேயே ஆன கம்ப்யூட்டர். பயாஸ் முறையில ஓடறது. அதோட ஃபைல்கூட அழிக்காம அங்கயே கிடந்தது. எங்க லேப் மெஷின் ஒண்ணைக்கூட அவர் தொடலை.

இன்னொண்ணு இருக்கு. எங்க ரவுட்டர் ஏற்கனவே ஐபி கொடுத்துக்கிட்டிருக்கு. இவர் அதே நெட்வொர்க்ல ரெண்டாவதா முழு டிஹெச்சிபி சர்வரையே ஓடவிட்டுட்டார், அதுல கேட்வேயும் (இன்டர்நெட்டுக்குப் போற வழி) தப்பு. ஆபீஸ்ல சிலருக்கு இன்டர்நெட் வர்றதும் போறதுமா இருந்ததுக்குக் காரணமே இதுதான். பூட் தகவலை மட்டும் கொடுக்கிற ப்ராக்ஸி டிஹெச்சிபி முறையில வச்சிருந்தா ரவுட்டரைத் தொந்தரவே செய்யாது. அது டிஎன்எஸ்மாஸ்க்லயே இருக்கு.

தளத்துல புகார் கொடுத்தேன். லாக், போட்டோ, அந்த விர்ச்சுவல் மெஷின் ஆதாரம் எல்லாம் இணைச்சேன். "வேலை முடிந்ததாக நீங்களே உறுதி செய்துள்ளீர்கள், எனவே இதில் தலையிட இயலாது"ன்னு பதில். திரும்ப எழுதினா அதே பதில், அதே எழுத்து. படிச்சுத்தான் அனுப்பினாங்களான்னுகூடத் தெரியலை. 18,000. சின்ன மையத்துக்கு அது என்ன தொகைன்னு அவங்களுக்குப் புரியாது. அந்த ஆளோட பக்கத்துல இன்னும் ஐந்து நட்சத்திரம் மின்னுது. என் விமர்சனம் "பரிசீலனையில்".

விரிவா ஒரு வழிகாட்டி எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப கை ஓடலை. அவசரத்துக்கு இதை மட்டும் வச்சுக்கோங்க. பணத்தை விடறதுக்கு முன்னாடி உங்க அறையில, உங்க கண் முன்னாடி இருக்கிற நிஜ மெஷின்ல இன்ஸ்டால் கடைசி வரைக்கும் ஓடி முடியணும், மெனு வந்தாப் போதாது. பயாஸா யுஇஎஃப்ஐயான்னு ஆரம்பத்துலயே கேட்காத ஆளை நம்பாதீங்க. பிழைத் திரையைப் போட்டோ எடுங்க, அதுல பிஎக்ஸ்இ பிழை எண் இருக்கலாம்: ஈ51ன்னா டிஹெச்சிபி பதிலே வரலை, ஈ53ன்னா ஃபைல் பேர் வரலை, ஈ32ன்னா டிஎஃப்டிபி பதில் சொல்லலை, ஃபயர்வாலைப் பாருங்க. கேபிளை முதல்ல சந்தேகப்பட வேண்டியது ஈ61 வந்தா.

வேலை முடிஞ்சதும் ரிமோட் மென்பொருளை எடுத்துடுங்க, ரூட் பாஸ்வேர்டை மாத்துங்க. எங்க சர்வர்ல அவர் போட்ட ரிமோட் கணக்கு இன்னைக்குக் காலை வரைக்கும் திறந்தேதான் இருந்தது.