விரிசல் விட்ட கடைவாய்ப் பல்லுக்கு ஜிர்கோனியா கேப்: போட்டுக்கொண்டவளின் விமர்சனம்

கடிக்கும்போது வலி இல்லை. கடித்ததை விடும் நொடியில்தான் விண்ணென்று தெறிக்கும். ஐஸ் தண்ணீர் பட்டால் ஒரு வெட்டு வெட்டிவிட்டு உடனே அடங்கிவிடும். நாத்தனார் வீட்டு வளைகாப்பில் பொருள்விளங்கா உருண்டையைக் கடித்ததிலிருந்து எனக்கு இதே கதைதான். இடது பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல். பல வருடம் முன்பு பெரிதாக வெள்ளி அடைத்த பல் அது.

முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லைம்மா, கூச்சம்தான்" என்று பேஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள். வலி நிற்காமல் திரும்பப் போனதும், ரூட் கெனால் (பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது), கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) இரண்டும் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்றார்கள். ஒன்றுமே இல்லாத பல்லுக்கு எதற்கு ரூட் கெனால் என்று கேட்டேன். பதில் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

இந்த விமர்சனம் அடுத்துப் போன கிளினிக்கைப் பற்றியது. கும்பகோணத்திலேயே ஒரு மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது, முட்டி வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். வந்தவுடன் எக்ஸ்ரே பக்கம் போகவில்லை. ஒரு பிளாஸ்டிக் குச்சியைப் பல்லின் ஒவ்வொரு மேட்டிலும் தனித்தனியாக வைத்து, "அக்கா, அழுத்திக் கடிங்க... இப்ப விடுங்க" என்றார். நாக்குப் பக்கம் இருக்கும் பின் மேட்டில் வைத்துக் கடித்து விட்டபோது நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன். அப்புறம் பழைய அடைப்பை எடுத்துவிட்டு நீலச் சாயம் தடவித் துடைத்து, படம் எடுத்துக் காட்டினார். முன்னிருந்து பின்னாக, மயிரிழை அளவில் ஒரு நீலக் கோடு. எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை என்றால், விரிசல் இப்படி ஓடும்போது ஃபிலிமுக்கு இணையாகப் படுத்துக்கொள்கிறது. பல்லின் ஒரு பக்கமிருந்து கதிர் நேராக அடிப்பதால் அந்த மெல்லிய பிளவு படத்தில் விழுவதில்லை.

எலும்பு உடைந்தால் கூடிக்கொள்ளும், பல் கூடிக்கொள்ளாது. கடிக்கும் போதெல்லாம் இரண்டு பக்கமும் நூலளவு விலகி விலகி விரிசல் ஆழமாகிக்கொண்டே போகும். கேப் சுற்றிலும் பிடித்துக்கொண்டால் விலகாது, அவ்வளவுதான் அதன் வேலை. குளிர் பட்ட வலி உடனே அடங்குவதால் உள்ளே நரம்பு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, இப்போதைக்கு ரூட் கெனால் வேண்டாம் என்றார். வலி நெடுநேரம் நின்றாலோ, ராத்திரி தானாக எழுப்பினாலோ அப்போது செய்ய வேண்டிவரும், விரிசல் வேர் வரை இறங்கியிருந்தால் பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லை. இதையெல்லாம் மிஷினைக் கையில் எடுப்பதற்கு முன்பே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

எந்த கேப் என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். முழு உலோகம் என்றால் பல்லைக் கொஞ்சம்தான் ராவுவார்கள், ஆனால் வாயைத் திறந்தால் பளபளக்கும். உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றியது விலை குறைவு, நாளடைவில் ஈறு ஓரம் கறுப்புக் கோடு தெரியலாம், பீங்கான் சில்லு பெயரலாம். நான் போட்டது ஜிர்கோனியா, அடியில் உலோகம் இல்லாத, பல் நிறத்துக் கெட்டிப் பீங்கான், 9,500 ரூபாய். பத்து வருட வாரண்டி கார்டு தருகிறார்கள். அந்த கார்டு கேப்புக்கு மட்டும்தான், உள்ளே இருக்கும் பல்லுக்கு இல்லை.

என் தொழில் பிளவுஸ் தைப்பது. அதனால் அளவு எடுத்த விதத்தைத்தான் உன்னிப்பாகப் பார்த்தேன். ஊசி போட்டுப் பாதி உதடு மரத்த பிறகு, பல்லைச் சுற்றிலும் ராவினார். அப்புறம் ஒரு நூலை எடுத்தார். முறுக்கிய நூல் இல்லை, பின்னிய நூல், மருந்தில் நனைத்தது. மழுங்கிய சின்னக் கருவி ஒன்றால் அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அங்குலம் அங்குலமாக இல்லை, இழை இழையாகச் செருகிக்கொண்டே வந்தார். ஈறு கொஞ்சம் ஒதுங்கி, ராவிய விளிம்பு வெளியே தெரிந்தால்தான் அளவு சுத்தமாக விழுமாம். நூலை எடுத்த கையோடு மாவு போன்ற ஒன்றைத் தட்டில் வைத்து அழுத்திப் பிடித்தார். எனக்கு அந்தக் கையில் தையல்காரியின் கை தெரிந்தது.

கேப் லேபிலிருந்து வந்த அன்று, உட்கார வைத்து விளிம்பைக் கூர்க்கம்பியால் சுற்றித் தடவிப் பார்த்தார். பின்பக்கம் ஓரிடத்தில் கம்பி தட்டியது. "இடைவெளி இருக்கு அக்கா, இதை ஒட்டினா உள்ள சொத்தை பிடிச்சிடும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கடையை மூடிவிட்டு வந்த எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் தோள் இறங்காத பிளவுஸை "போட்டா சரியாயிடும்" என்று கொடுத்தனுப்பும் ஆளில்லை இவர் என்று தெரிந்தது.

மறுபடி வந்தது கச்சிதம். ஒட்டும் முன் ஊசி வேண்டாம் என்றார், மரத்த வாயில் கடி சரியாகத் தெரியாது என்பதற்காக. காற்று ஊதும்போது கூசியது, தாங்கக்கூடியதுதான். நீலக் காகிதத்தை வைத்து "கடிங்க, அரைங்க" என்று, நீலப்புள்ளி அழுத்தமாக விழும் இடத்தைத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் மெருகும் போட்டார். மெருகு போடாமல் விட்டால் சொரசொரப்பு மேல் பல்லைத் தின்றுவிடும்.

குறைகளும் உண்டு. லேபிலிருந்து கேப் வரும்வரை மாட்டிவிட்டிருந்த தற்காலிக கேப் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழன்று வந்துவிட்டது, அவர்கள் போனை யாரும் எடுக்கவே இல்லை. அடைப்பை எடுத்த இடத்தை நிரப்பியதற்கு 1,500 ரூபாய் தனியாகப் போட்டார்கள், அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பதினோரு மணி என்றால் பன்னிரண்டரை. இன்சூரன்ஸில் திரும்ப வாங்கலாம் என்று எண்ணாதீர்கள், விபத்து தவிர மற்றப் பல் வேலைகளைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. இவ்வளவு செலவு முடியாதவர்கள் சிதம்பரம் அண்ணாமலை நகர் பல் மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பார்க்கலாம். மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் மேற்பார்வை இருக்கும், அலைச்சல் மட்டும் கூடுதல்.

இப்போது அந்தப் பக்கம் முறுக்கே கடிக்கிறேன், விடும்போது வலி இல்லை. ஐஸ் தண்ணீருக்கு லேசாகக் கூசுகிறது, அதுவும் குறைந்துகொண்டு வருகிறது. டாக்டருக்கு ஐந்துக்கு ஐந்து. ரிசப்ஷனுக்கு இரண்டு. போகிறவர்கள் போன் செய்துகொண்டிராமல் நேரில் போய்ப் பெயர் கொடுத்துவிடுங்கள், மொத்தச் செலவையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.